மொக்கம்மாளுக்கு எண்ணெய் வைத்த வெள்ளிக்கிழமை

பலவேசம் முதலாளியின் முதியோர் தர்ம இல்லத்தில் இடம் கிடைக்க வயதாகியிருக்க வேண்டும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் இருக்க வேண்டும். வாசலில் பதித்த கல்வெட்டை யாராவது பெரிய மனிதர் வந்து படிக்கும்போது கைகூப்பி உட்காரத் தெரிந்திருக்க வேண்டும். மொக்கம்மாளுக்கு முதல் இரண்டும் தாராளமாக இருந்தன. மூன்றாவதை அவள் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை.

இல்லம் சின்னமனூரில், ஆற்றுக்குப் போகிற பாதையில் இருந்தது. அதற்கு முன்னால் அது ஏலக்காய்க் கிட்டங்கி. மேகமலையிலிருந்து இறங்குகிற மூட்டைகளை அங்கேதான் அடுக்குவார்கள். முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஏலக்காயில் கை நிறைந்து போடியில் புதுக் கிட்டங்கி கட்டிக்கொண்டதும் பழையது சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற கட்டடத்தில் சும்மா கிடக்கிற கிழடுகளைப் போட்டால் புண்ணியம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். முதலில் கல்வெட்டு வந்தது. பிறகு ஆட்கள் வந்தார்கள். அடுப்பு அதற்கும் பிறகுதான் வந்தது. சுவரெல்லாம் ஏலக்காய் மணத்தது. காப்பி மணத்ததில்லை; காப்பி போட்டால்தானே.

நிர்வாகம் ஏசுதாசனிடம் இருந்தது. நாகர்கோவில்காரர். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் காம்பவுண்டராக இருந்து, மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் கீழே இறங்கியவர். சூப்பிரண்டு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். அவருக்கு ஒழுங்கு உயிர். பாய்கள் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். பாயில் கிடப்பவர்களும் அப்படியே. முதுகு கூனிப்போய்ச் சுருண்டு படுத்திருந்த ராக்கையாக் கிழவனைத் தினமும் காலையில் நிமிர்த்திப் படுக்கவைத்துவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும் கிழவன் பழையபடி சுருண்டுகொள்வான். இதற்கு இல்லத்தில் உடற்பயிற்சி என்று பெயர்.

கிழடுகளைத் தொட்டுத் தூக்கிக் குளிப்பாட்டுகிற வேலை பஞ்சம்மாளுடையது. கட்டுமஸ்தானவள், கெட்ட மனசுக்காரி என்று சொல்ல முடியாது. இங்கு வருமுன் ஒரு பண்ணையில் எருமைகளைப் பார்த்துக்கொண்டவள். அந்த அனுபவத்தைப் பார்த்துத்தான் முதலாளி அவளை எடுத்தார். கிணற்றடியில் நீளமாக ஒரு கல் கிடந்தது. அதில் எல்லாரையும் வரிசையாக உட்காரவைப்பாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தண்ணீரை வீசுவாள். பிறகு பீர்க்கங்கூட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வருவாள். முதுகு சிவந்தால் அழுக்குப் போய்விட்டது என்று கணக்கு. துவட்டுவதற்கு ஒரே துண்டு. முதலில் உட்கார்ந்தவனுக்கு அது துண்டு, கடைசியில் உட்கார்ந்தவளுக்கு அது இன்னொரு குளியல். சீப்பும் ஒன்றுதான். ஒரு தலையில் பேன் இருந்தால் மறுவாரம் எல்லாத் தலையிலும் சமமாகப் பங்கிடப்பட்டிருக்கும். வந்து பார்க்கிறவர்கள், "என்ன சுத்தம், என்ன சுத்தம்!" என்று வியந்துவிட்டுப் போவார்கள். அவர்கள் பார்த்தது தரையை.

இத்தனையையும் மொக்கம்மாள் பொறுத்துக்கொண்டாள். இதைவிட மோசமான ஒரு குளியலுக்குத் தப்பித்தான் அவள் இங்கு வந்து சேர்ந்திருந்தாள்.

கோம்பைக்குப் பக்கத்தில் பிறந்தவள். தாது வருஷப் பஞ்சத்தில் கத்தாழைக் கிழங்கை வேகவைத்துத் தின்று பிழைத்த சின்னப்பெண். பெரியாற்றுத் தண்ணீர் வந்து பள்ளத்தாக்கு பச்சையான காலத்தில் நாற்று நடுகிற கூட்டத்துக்கு முன்னே நின்றவள். புருஷன் ஏல மலைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பி வந்து செத்தான். பிள்ளை கிடையாது. அண்ணன் வீட்டில் ஒட்டிக்கொண்டு, அண்ணன் மகன் முத்துக்கருப்பனைக் காலை நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டி வளர்த்தாள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு பிசகும்வரை.

முத்துக்கருப்பன் கெட்டவன் இல்லை. படுத்துவிட்ட அத்தையை ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டான். அடுத்த மழைக்காலத்தில் அலுத்துவிட்டது. அந்தப் பக்கத்துச் சில வீடுகளில் இந்த அலுப்புக்கு ஒரு வழி உண்டு. எழ முடியாமல் கிடக்கிற வயசாளிக்கு விடியற்காலையில் தலையும் உடம்பும் ஊற ஊற எண்ணெய் வைத்து, பச்சைத் தண்ணீரில் முழுக்காட்டி, அதன்மேல் வயிறு முட்ட இளநீர் குடிக்கக் கொடுப்பார்கள். காய்ச்சல் வரும். இரண்டு மூன்று நாளில் ஆள் போய்விடும். அதற்கு முன்பே சொந்தபந்தம் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகும். இதற்கு யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள். 'தலைக்கு ஊத்திட்டாக' என்பார்கள், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. மொக்கம்மாளே அப்படி இரண்டொரு வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறாள், சாப்பிட்டும் இருக்கிறாள். அப்போதெல்லாம் அது அவளுக்குத் தவறாகத் தெரியவில்லை. எண்ணெய் அடுத்தவர் தலையில் இருந்தது.

ஒரு நாள் முத்துக்கருப்பன் பெண்டாட்டி வந்து தலைமாட்டில் உட்கார்ந்து, "என்ன அயித்தை, என்ன சாப்பிட ஆசையா இருக்கு?" என்று கேட்டாள். இருபது வருஷத்தில் கேட்காத கேள்வி. மொக்கம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். மூலையில் செவ்விளநீர் குலைகுலையாகக் கிடந்தது. பண்ணைப்புரத்துச் சொந்தக்காரர்கள் கண்ணைத் துடைத்தபடி படியேறினார்கள்.

"கருவாட்டுக் கொழம்பு" என்றாள். நன்றாகச் சாப்பிட்டாள். சொந்தக்காரர்களும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு நடு மத்தியானத்தில் குறட்டை விட்டார்கள். இடுப்பு ஓரளவு தேறி, கம்பை ஊன்றி நடக்க முடிகிறது என்பதை அவள் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தூங்குகிற கால்களைத் தாண்டித் தாண்டி வெளியே வந்தாள். சின்னமனூர்ச் சந்தைக்குப் போன ஒரு புளி வண்டியை நிறுத்தி ஏறிக்கொண்டாள்.

ஆகவே தர்ம இல்லத்தில் அவளுக்கு ஒரே பிடிவாதம்தான் இருந்தது. கூழில் கல் கிடக்கலாம், பீர்க்கங்கூடு முதுகை உரிக்கலாம். தலையில் மட்டும் யாரும் எண்ணெய் வைக்கக் கூடாது. இல்லத்தில் எண்ணெய்ச் செலவு என்று ஒன்றே கிடையாது என்பதால் அவள் பிடிவாதம் யாருக்கும் தெரியாமலே இருந்தது.

அப்புறம்தான் முதலாளிக்கு அறுபது வயது நிறைந்தது.

ஏசுதாசன் எல்லாரையும் உட்காரவைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார்: "வருகிற வெள்ளிக்கிழமை முதலாளி ஐயாவுடைய மணிவிழா. அதை முன்னிட்டு அன்றைக்குக் காலையிலே உங்க எல்லாருக்கும் ஐயா செலவிலே தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளியல். அது முடிஞ்சதும் ஐயா தோப்பு இளநீர், வேண்டுமட்டும். உங்க சொந்தக்காரங்க வந்து கண்ணாரப் பார்க்கட்டும்னு ஊர் ஊருக்குச் சொல்லி அனுப்பியாச்சு."

கிழடுகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ராக்கையாதான் கேட்டான்.

"யார் யாருக்குங்க?"

"எல்லாருக்கும்."

"ஒரே நாள்லயா?"

"ஒரே நாளிலேதான். ஐயா எதிலேயும் பாரபட்சம் பார்க்க மாட்டார்."

"பெரிய கைதான்" என்றான் ராக்கையா.

வரிசையில் இரண்டு மூன்று பேர் விசும்பத் தொடங்கினார்கள். நன்றிப் பெருக்கைக் கண்டு ஏசுதாசனுக்கும் கண் கலங்கியது.

மொக்கம்மாள் கம்பை ஊன்றிக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள். "ஐயா, என்னய விட்டுருங்க. எனக்கு எண்ணெய் வேண்டாம்."

"என்னம்மா பயம்? செக்கிலே ஆட்டின நல்லெண்ணெய். வலிக்கவே வலிக்காது."

"வலிக்காதுன்னு எனக்கும் தெரியும்யா."

"முதலாளி ஐயா தன்னுடைய தாயாருக்கே இதைச் செய்யறார், தெரியுமா? வாரம் தவறினது கிடையாது."

மொக்கம்மாள் திகைத்து நின்றாள். "வாராவாரமா? எத்தனை தாயாருங்க அவுகளுக்கு?"

கிழவிக்குப் புத்தி பிசகுகிறது என்று நினைத்துக்கொண்டு ஏசுதாசன் போய்விட்டார். மனிதர் நாகர்கோவில்காரர், முதலாளி தூத்துக்குடிக்காரர். அவர்கள் ஊரில் எண்ணெய் என்றால் எண்ணெய், இளநீர் என்றால் இளநீர். அவர்களுக்குத் தெரியாது என்பது மொக்கம்மாளுக்குத் தெரியாது. இவ்வளவு படித்தவர்கள் இதைக்கூடத் தெரியாமலா இருப்பார்கள் என்பது அவள் எண்ணம். படித்தவர்களைப் பற்றி அவளுக்கு எப்போதுமே உயர்ந்த அபிப்பிராயம்.

ஓடலாம் என்றால் இந்தத் தடவை இடுப்பு இடம் கொடுக்காது. ஓடிப் போக இன்னொரு தர்ம இல்லமும் கிடையாது. மீதி இருந்தது பஞ்சம்மாள். அவள் கிணற்றடியில் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாலு வீடு அறிந்த உள்ளூர்க்காரி; அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கண் இரண்டும் கோவைப்பழமாக இருந்தது.

"ஏடி பஞ்சு. நீயா செய்யப்போற?"

"என்ன ஆத்தா செய்யச் சொல்ற? கஞ்சி ஊத்துறவுக சொல்லிட்டாக. இத்தனை பேருக்கும் எத்தனை நாளைக்கு ஊத்துவாகன்னு நானும் நெனைச்சேன்தான். ஒரே நாள்ல முடிச்சுக்கிடப் போறாகன்னு நெனைக்கல."

"தண்ணியவாவது சுட வச்சுக் கொண்டா. இளநியக் குடிச்ச மாதிரி கீழ ஊத்திர்றேன். நீ பாக்காத மாதிரி இரு."

"எஞ் சோத்துல மண்ணப் போட்டுராத ஆத்தா."

"நீ எந் தலையில ஊத்தலாம், நான் உஞ் சோத்துல போடக் கூடாதாக்கும்?"

பஞ்சம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தொட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கழுவின தொட்டியை மறுபடியும் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தர்ம இல்லத்தில் இதுவரை நடக்காத காரியங்கள் நடந்தன. பஞ்சம்மாள் யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. கக்கத்தில் கைகொடுத்து, "மெதுவா ஆத்தா, மெதுவா" என்று எழுப்பினாள். கல்லின்மேல் கோணிச்சாக்கை மடித்துப் போட்டிருந்தாள், குளிர்ச்சி ஏறாமல் இருக்க. ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்துப் போனாள். ஆளுக்கு ஒன்றாகப் பழைய வேட்டியைக் கிழித்துத் துண்டாக்கி வைத்திருந்தாள். முந்தின நாளே எல்லாரிடமும் என்ன சாப்பிட ஆசை என்று கேட்டு, தன் வீட்டிலிருந்து பணியாரமும் துவையலும் செய்து கொண்டுவந்திருந்தாள். அந்தப் பக்கத்து வீடுகளில் அந்தக் கேள்வியைக் கேட்டாலே என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் பணியாரத்தை ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

மொக்கம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருந்த பல் கொஞ்சம்தான். கை வாய்க்கு எட்டினால் கடித்துவிடுவது என்ற முடிவோடுதான் இருந்தாள். பஞ்சம்மாள் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, இரண்டு கையையும் உரசிச் சூடாக்கி, உச்சியில் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு விரல் நுனியால் நெற்றிப்பொட்டு, காதுக்குப் பின்பக்கம், பிடரி என்று மெல்ல மெல்ல இறங்கினாள். வெடித்துக் கிடந்த குதிகாலில் எண்ணெய் இட்டு, விரல் இடுக்கெல்லாம் தனித்தனியாகத் துடைத்தாள். வீங்கின இடுப்பைத் தொடும் முன், "இங்கன வலிக்குதா?" என்று கேட்டாள். தண்ணீர் தலையில் விழுந்தபோது மொக்கம்மாளுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. அது வெந்நீர்.

"ஏ பிள்ளே, பச்சத் தண்ணிதானே ஊத்தணும்?"

"பேசாம இரு ஆத்தா. சூப்பிரண்டு காதுல விழுந்திரப்போகுது." பஞ்சம்மாளின் கண்ணீரும் சேர்ந்து முதுகில் விழுந்தது. "கூதல்ல நடுங்கிக்கிட்டே போக வேண்டாம்னுதான்..."

மொக்கம்மாளுக்குக் கடிக்கிற எண்ணம் போய்விட்டது. பெற்றவள் போன பிறகு இவ்வளவு பதமாக யாரும் அவளைத் தொட்டதில்லை. சாகடிக்க வந்தவள் கைதான் இது என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தாள். முதுகு கேட்கவில்லை. 'இன்னும் கொஞ்சம் கீழே' என்றது.

துவட்டி உடுத்தி எல்லாரும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது வாசலில் சத்தம் கேட்டது. சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். இத்தனை நாளும் எட்டிப் பார்க்காதவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பெண்கள் வாசலிலேயே மடேர் மடேர் என்று மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அதே நேரத்தில் பலவேசம் முதலாளியும் பட்டு வேட்டியும் மாலையுமாக வண்டியிலிருந்து இறங்கினார். ஒப்பாரியைக் கேட்டதும் மாலையைக் கழற்றிவிட்டார்.

"யாரு? யாரு செத்துட்டா?" என்று பதறினார்.

முன்னால் நின்றவன் முத்துக்கருப்பன். கக்கத்தில் புதுக் கோடிச்சேலை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னான்: "இன்னும் இல்லீங்க."

"இன்னும் இல்லையா?"

"ரெண்டு மூணு நாள் ஆகுமுங்க. வெரசாவும் போயிரலாம், உடம்பு வாகப் பொறுத்து. எல்லாருக்கும் சேத்து ஒரே செலவுல செய்யணும்னு யாருக்குங்க தோணும்? எங்க வீட்டுல ஒரு ஆளுக்கே செஞ்சு முடிக்க முடியல. ஓடிப்போயிருச்சு. எங்க ஊர்ல இன்னும் ரெண்டு பேர் கெடக்காக. அவுகளையும் இங்கன கொண்டாந்து விடலாமான்னு கேட்டுவரச் சொன்னாக."

முதலாளிக்கு விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறியது. ஏறி முடித்ததும் முகம் கல்வெட்டின் நிறத்துக்கு வந்தது. முதலில் அவர் திரும்பிப் பார்த்ததும் கல்வெட்டைத்தான். அதில் அவர் பெயர் எவ்வளவு பெரிதாக, எவ்வளவு ஆழமாக வெட்டியிருக்கிறது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது போலிருந்தது. ஏசுதாசன் மட்டும் ஒன்றும் புரியாமல், இளநீர்க் குலையைக் கையில் தூக்கிக்கொண்டு, "ஐயா, ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார்.

"கீழ போடும்யா அத!" என்று கத்தினார் முதலாளி.

குலை கீழே விழுந்து உருண்டது. பஞ்சம்மாள் அதைப் பார்த்தாள், முதலாளியைப் பார்த்தாள். "அப்ப... இது வெறும் குளியலா?" என்று கேட்டுவிட்டு, தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ராக்கையா சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்துகிற வழியாக இல்லை.

மொக்கம்மாள் கம்பை ஊன்றி எழுந்து வாசலுக்கு வந்தாள். எண்ணெய்க் குளியலில் முகம் பளபளவென்று இருந்தது. ஒப்பாரி சட்டென்று நின்றது.

"ஏலே கருப்பா, கோடி கொண்டாந்திருக்கயாமே. குடு."

"அயித்தை... அது வந்து..."

"எம் மேல போர்த்தத்தானடா வாங்கின? நாந்தான் நிக்கிறேன்ல. குடு. குளிச்சிட்டுத் தல ஈரம் காயாம நிக்கிறேன்."

கொடுத்தான். அவள் அதை விரித்து, கரையைத் தடவிப் பார்த்து, "நெசவு பரவாயில்ல" என்றாள். தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டு உள்ளே திரும்பினாள். முத்துக்கருப்பன் கூப்பிட்டான்: "அயித்தை, வீட்டுக்கு வந்திருங்க. இனிமே நல்லாப் பாத்துக்கிடுறோம்."

"இவ்வளவு நாளும் பாத்தது போதும்லே" என்றாள் திரும்பாமலே.

அன்று சாயங்காலமே முதலாளி ஓர் உத்தரவு போட்டார். இனி இல்லத்தில் ஒருவர் தலையிலும் ஒரு சொட்டு எண்ணெய் படக் கூடாது. இளநீர் வாசலுக்குள்ளே வரக் கூடாது. பெயர் கெட்டுவிடக் கூடாதல்லவா. வேறு எதையும் மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஏசுதாசன் பாய்களை நேராக்கினார். பஞ்சம்மாள் அடுத்த குளியலுக்கு எல்லாரையும் கல்லில் வரிசையாக உட்காரவைத்து, பச்சைத் தண்ணீரை வீசிவிட்டு, பீர்க்கங்கூட்டைக் கையில் எடுத்தாள். யாரும் சாகப்போவதில்லை என்று ஆகிவிட்டது. அப்புறம் எதற்கு வெந்நீர்? விறகு என்ன சும்மாவா வருகிறது?

மொக்கம்மாள் அந்தக் குளியலைப் பல்லைக் கடித்துப் பொறுத்தாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவள் பாயை விட்டு எழவில்லை. கண் செருகிக் கிடந்தாள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. கைகால் சில்லிட்டிருந்தது, விடியற்காலையில் எழுந்து தொட்டித் தண்ணீரில் கையை ஊறவைத்தால் யாருக்கும் சில்லிடும். பஞ்சம்மாள் ஓடிவந்து, கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அன்று வெந்நீர் வந்தது. சாக்கு மடித்துப் போடப்பட்டது. விரல் இடுக்கெல்லாம் தனித்தனியாகத் துடைக்கப்பட்டது. மத்தியானத்துக்குள் கிழவி தேறி, கூழில் உப்பு இல்லை என்று சண்டை போட்டாள்.

மறு வெள்ளிக்கிழமையும் உயிர் ஊசலாடியது. அதற்கு மறு வெள்ளிக்கிழமை ராக்கையாவுக்கும் ஊசலாடியது. அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை வந்தால் தர்ம இல்லத்தில் ஒருவர்கூட நன்றாக இருப்பதில்லை.

பஞ்சம்மாள் முட்டாள் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை வந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, கண் செருகிக் கிடந்த மொக்கம்மாளை நின்று நிதானமாகப் பார்த்தாள்.

"என்ன ஆத்தா, இன்னைக்காவது போயிருவியா?"

மொக்கம்மாள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"அதெப்பிடிச் சொல்ல முடியும்? தண்ணி என்ன சூட்டுல இருக்கு?"